உம்மாவின் பெயரில் ஒரு குழாய்க்கிணறு

மூன்று வருடங்களுக்கு முன்னர், எங்கள் உம்மா மௌத்தாகி, அவவை அடக்கம் செய்து ஒரு வருடம் நிறையப் போகிற சமயத்தில், கடலோரத்தில் இருக்கிற எத்தாளையில் எங்கள் வீட்டு வளவில் நடந்தது இது. எழுதி அனுப்புவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதினால் மனப் பாரம் குறையும் என்று கூட வேலை செய்கிற ஒருவர் சொன்னார். குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் யாராவது ஒருவர் கிணறு வெட்டுவதற்கு முன் இதை வாசிக்கக்கூடும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வண்ணாத்திவில்லுப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். கிழமை நாட்களில் அங்கேயே ஒரு வீட்டில் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் புத்தளம், பாலாவி என்று பஸ் மாறி மாறி வீடு வந்து சேர்வேன். நான் சின்னவளாக இருக்கும்போதே வாப்பா போய்விட்டார். கலியாணம் எனக்கு அமையவில்லை. உம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் நான் மட்டும்தான். ஒரே தம்பி கட்டாரில் வேலை செய்கிறான்.

உம்மாவின் மையத்து அடக்கத்துக்குத் தம்பியால் வர முடியவில்லை. அந்தக் கவலை அவனை விடவே இல்லை. ஒரு நாள் போனில், "ராத்தா, உம்மாட பேரில ஒரு கெணறு வெட்டிக் குடுப்பம். சனம் தண்ணி அள்ளுற காலமெல்லாம் உம்மாவுக்கு நன்மை போய்ச் சேரும்" என்றான். எங்கள் நம்பிக்கை அப்படித்தான். ஒருவர் மௌத்தான பின்னும் அவருக்கு வந்துகொண்டே இருக்கிற தர்மங்கள் உண்டு. அதில் தண்ணீர் பெரியது. எனக்கும் நெஞ்சு நிறைந்துபோனது. காசை அவன் அனுப்பினான், எந்த மாதிரிக் கிணறு என்பதை மட்டும் என் கையில் விட்டான். "நீங்கதானே அங்க இருக்கிறீங்க, உங்களுக்குத்தானே தெரியும்" என்றான்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என்னை விடப் பத்து வயது மூத்தவர், தம்பி என்னைக் கூப்பிடுவதுபோல் நானும் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவேன். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. வந்த புதிதில் அகதி முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்று, கிடைக்காமல், வெறும் குடத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தாராம். உம்மா அவரை உள்ளே கூப்பிட்டு எங்கள் கிணற்றடியில் குளிக்கவே விட்டாவாம். பிறகு அவரும் கணவரும் பக்கத்துக் காணியை வாங்கிக் குடியேறினார்கள். கணவர் காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகளைக் கரைத்தீவில் கட்டிக் கொடுத்திருந்தார். மிளகாயும் கீரையும் கொஞ்சம் சின்ன வெங்காயமும் போட்டு, அதை விற்றுத்தான் சீவியம். அதற்கு அவரிடம் இருந்தது ஒரு கிணறு. பெரிய ஆழமில்லை. அகலமான கொங்கிறீட் வளையம் நாலைந்து இறக்கிய கிணறு. குனிந்து வாளியைப் போட்டால் கைக்கெட்டும் தண்ணீர். இளநீர் மாதிரி இருக்கும். அதில் ஊறிய தேயிலைக்கே வேறு ருசி என்று உம்மா சொல்லுவா.

அப்படி ஒரு கிணறு கண்ணுக்கு முன்னால் இருந்தது. எங்கள் வளவிலும் அதே மாதிரி பழைய கிணறு ஒன்று இருந்தது. எங்கள் கரையில் எல்லாக் கிணறும் அப்படித்தான். அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. வசதியில்லாத காலத்துக் கிணறுகள் என்று நினைத்துவிட்டேன்.

ஏனென்றால் நான் வண்ணாத்திவில்லில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நான் தங்கியிருந்த வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஆழமான குழாய்க்கிணறு ஒன்று இருந்தது. மோட்டரைப் போட்டால் கை மொத்தத்துக்குத் தண்ணீர் பாயும். எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. அதைப் பார்த்து ஆசைப்பட்டேன். உம்மாவின் பெயரில் இப்படி ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்! உயரத்தில் ஒரு தாங்கி, கீழே வரிசையாக நாலு பைப், பக்கத்தில் பெயர் பொறித்த மாபிள் கல். ஆழம் கூடினால் தண்ணீரும் கூடும், தரமும் கூடும் என்பதுதான் என் கணக்கு. படித்தவள் என்ற எண்ணம் வேறு.

துளைக்கிற மெஷினோடு வந்தவர்களில் தலைவர் ஒரு சிங்களவர். நன்றாகத் தமிழ் கதைப்பார். இருபது அடி தாண்டியதும் நிறுத்தி, வந்த தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார்.

"டீச்சர், ஹொந்தய், நல்ல தண்ணி. இதோட நிப்பாட்டுவம். சின்ன மோட்டர் ஒண்டு போதும்."

"வண்ணாத்திவில்லில எவ்வளவு ஆழம் போறாங்க! இருபது அடிக்கு ஏன் மெஷின் கொண்டுவந்தனீங்க? இன்னும் இறக்குங்க" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அது வேற மண், டீச்சர். இது கடற்கரை மண்."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவும் இல்லை. வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு போகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இறக்கச் சொன்னேன், இறக்கினார். கீழேயிருந்து வந்த தண்ணீரும் அன்று நன்றாகத்தான் இருந்தது. அதைக் குடித்துக் காட்டி, "பார்த்தீங்களா?" என்று அவரைக் கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசும்.

ராத்தா வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு ஆழமா தங்கச்சி? மேலேயே தண்ணி இருக்கே" என்று மட்டும் கேட்டார். "சனத்துக்குக் குடுக்கிற தண்ணி ராத்தா, நிறைய வேணும்" என்றேன். "ஓம், அதுவும் சரிதான்" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பைப்பைத் திறந்தோம். துஆ ஓதினார்கள். தம்பி போனில் பார்த்து அழுதான். நான் கிழமை நாட்களில் ஊரில் இல்லாதபடியால் மோட்டர் போடும் பொறுப்பை ராத்தாவிடம் கொடுத்தேன். "நன்மையில உங்களுக்கும் பங்கு இருக்கட்டும்" என்று சாவியை நீட்டியபோது அதைக் கண்ணில் ஒற்றி வாங்கினார். "மாமி எனக்குத் தந்த தண்ணிக்கு நான் இந்த வேலையாவது செய்ய வேணாமா?" என்றார். உம்மாவை அவர் மாமி என்றுதான் கூப்பிடுவார்.

அதற்குப் பிறகு எங்கள் வளவில் ஒரே சந்தோஷம். அக்கம்பக்கத்துப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். தோட்டக்காரர்கள் பீப்பாய் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டுக்காரர் வந்து தங்குகிற ஹோட்டல் ஒன்றிலிருந்து தண்ணீர் ஏற்றுகிற பவுசர் லொறி வரத் தொடங்கியது. ராத்தா போனில், "தங்கச்சி, பவுசருக்கும் குடுக்கவா? மோட்டர் நாள் முழுக்க ஓடுது" என்று கேட்டார். யாருக்கும் இல்லையென்று சொல்ல வேண்டாம் என்றேன். எவ்வளவு பேர் அள்ளுகிறார்களோ அவ்வளவு நன்மை உம்மாவுக்கு என்ற பேராசை எனக்கு. தர்மத்திலும் பேராசை இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. பிறகு கோடை வந்தது. பவுசர் வருவது நின்றது. ஹோட்டலுக்கு ஆள் குறைந்திருக்கும் என்று நினைத்தேன். குடத்தோடு வருகிறவர்களும் குறைந்தார்கள். ஒருவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகுதான் விளங்கியது. மௌத்தான ஒருவரின் பெயரில் கொடுத்த தண்ணீரைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? எனக்கும் சனி, ஞாயிறு மட்டும்தான் வீடு. தண்ணீரில் ஏதோ ருசி பேதம் இருந்ததைக் கவனித்தேன்தான். பைப்பின் மணம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, குடிக்க மட்டும் வண்ணாத்திவில்லிலிருந்து போத்தலில் கொண்டுவந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் ராத்தா வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல பிளேன்டீ ஊற்றித் தந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தேன்.

"என்ன ராத்தா, சீனிக்குப் பதிலா உப்பப் போட்டுட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "சீனிதான் போட்டன், தங்கச்சி. ரெண்டு கரண்டி போட்டன்" என்றார்.

நான் எழுந்து கிணற்றடிக்கு ஓடினேன். வாளியில் அள்ளி வாயில் வைத்தேன். இளநீர் மாதிரி என்று சொன்னேனே, அந்தக் கிணறு. வாயில் வைக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் மிளகாய்ப் பாத்தியில் இலைகளின் ஓரமெல்லாம் நெருப்புப் பட்டதுபோல் கருகியிருந்தது. கீரைப் பாத்தியில் மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும். மழை பெய்தா மாறும் எண்டு பார்த்தன்."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"உங்களுக்குச் சொல்லி என்ன, தங்கச்சி? என்ட கெணறுதானே?"

தன் கிணற்றுக்கும் என் குழாய்க்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது. அந்த நிமிடமே தோன்றியது. ஆனால் வாயைத் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த கிழமை புத்தளத்தில் ஒரு அலுவலகத்துக்குப் போய், தண்ணீரைப் பரிசோதிக்க ஆள் அனுப்பும்படி எழுதிக் கொடுத்தேன்.

வந்தவர் ஓர் இளம் பெண் அலுவலர். சின்னக் கருவி ஒன்றை முதலில் என் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். பிறகு ராத்தாவின் கிணற்றில், பிறகு எங்கள் பழைய கிணற்றில். என் குழாயில்தான் உப்பு ஆகக் கூட. தள்ளிப் போகப் போகக் குறைந்தது, ஆனால் மூன்றிலும் குடிக்க முடியாத உப்புத்தான். நிலத்தில் குந்தியிருந்து, ஒரு குச்சியால் மணலில் கீறி விளங்கப்படுத்தினார்.

"இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் களப்பு, அதுவும் உப்புத்தான். நடுவில நீங்க இருக்கிற மணலுக்குக் கீழயும் உப்புத் தண்ணிதான், டீச்சர். பெய்யுற மழை மணலுக்குள்ள இறங்கி அந்த உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குது. அதுதான் உங்கட நல்ல தண்ணி. அத மேலால மெல்ல மெல்லத்தான் அள்ளோணும். அகலமான, ஆழமில்லாத கெணறு அதுக்குத்தான். ஆழமாத் துளைச்சு, பெரிய மோட்டரால நாள் முழுக்க இழுத்தா, கீழ இருக்கிற உப்பு மேல ஏறி வரும்."

"வண்ணாத்திவில்லில...?" என்று இழுத்தேன்.

"அங்க ஆழத்தில சுண்ணாம்புக் கல்லுக்குள்ள நல்ல தண்ணி இருக்கு. அங்க குழாய்க்கிணறு சரி. இங்க ஆழத்தில இருக்கிறது கடல்."

அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி எதுவும் இல்லை. பாடம் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். ராத்தா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம் கேட்டார்:

"அப்ப அந்த மோட்டரப் போட்டது நான்தானே, புள்ள? ஒவ்வொரு நாளும் விடிய சுபஹு தொழுதிட்டு நான்தானே போட்டன்?"

ராத்தா இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மோட்டர்ப் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டுத் தன் வளவுக்குப் போனார். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அவர் என்னோடு கதைக்கவில்லை. நான் ஸலாம் சொன்னால் பதில் சொல்வார். அவ்வளவுதான்.

அன்றே மோட்டரைக் கழற்றினேன். "மாரி மழை நல்லாப் பெய்தா கொஞ்சம் கொஞ்சமா மாறலாம், எவ்வளவு காலம் எண்டு சொல்ல ஏலாது" என்று அலுவலர் சொல்லிவிட்டுப் போனார். அந்த 'மாறலாம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். மழை பெய்தது. பெய்த மழையை நான் வண்ணாத்திவில்லில் ஜன்னலோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன், எத்தாளையிலும் இதே மாதிரிப் பெய்ய வேண்டும் என்று. வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் ராத்தாவின் கிணற்றில் ஒரு வாய் அள்ளிப் பார்ப்பேன். சில கிழமை கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். அடுத்த கிழமை பழையபடி. ராத்தா மறுபடி கீரை போட்டுப் பார்த்தார். முளைத்து இரண்டு இலை விட்டது, பிறகு மஞ்சளாகிப் படுத்துவிட்டது. மிளகாய்ச் செடிகளைப் பிடுங்கி விறகோடு சேர்த்து அடுக்கியிருந்தார். குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தூரத்து வளவு ஒன்றுக்கு நடந்தார். வந்த புதிதில் நடந்த அதே நடை. ஆனால் இந்தத் தடவை வாசலில் நின்று உள்ளே கூப்பிட எங்கள் உம்மா இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் வந்து அவராகவே கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒண்டு கேட்டா கோவிக்க மாட்டீங்களே?"

"கேளுங்க ராத்தா." அவர் கதைத்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. கேட்டது எதுவானாலும் கொடுத்திருப்பேன்.

"அந்தக் கல்லில இருந்து மாமிட பேர எடுத்துப் போடுங்க."

நான் திரும்பி அந்தக் கல்லைப் பார்த்தேன்.

"பஸ்ஸில வாற சனம், தெரியாம வந்து பைப்பத் திறக்குது. தாங்கியில மிச்சமா நிண்ட தண்ணிய வாயில வச்சுத் துப்பிட்டு நிமிந்து அந்தப் பேரத்தான் வாசிக்குது. எனக்குப் பார்க்க ஏலாம இருக்கு. அந்த மனிசி எனக்குத் தண்ணி தந்தவ, தங்கச்சி."

முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் வீட்டுக்குள் தேடிச் சுத்தியலை எடுத்து வந்தேன். கல்லை முழுதாகக் கழற்றலாம் என்று பார்த்தேன். சீமெந்து இறுகியிருந்தது, முடியவில்லை. என் கையாலேயே அடித்து உடைத்தேன். உம்மாவின் பெயர் இரண்டாகப் பிளந்து காலடியில் விழுந்தது. வாழ்க்கையில் உம்மாவை ஒரு நாளும் எதிர்த்துக்கூடக் கதைக்காதவள் நான்.

தம்பியிடம் மறைக்க முடியவில்லை. சொன்னேன். "உம்மாட பேர நீங்களே உடைச்சீங்களா?" என்று கத்தினான். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவன் வெயிலில் நின்று உழைத்த இரண்டு வருடத்தை நான் மண்ணுக்குள் இறக்கி உப்பாக்கியிருந்தேன். ஆனால் அவன் அதைக் கேட்கவே இல்லை. "உம்மாவுக்கு இப்ப என்ன எழுதப்படும் ராத்தா?" என்று மட்டும் கேட்டான். பள்ளிவாசலில் ஒரு மௌலவியிடம் அதைக் கேட்டுப் பார்த்தேன். அல்லாஹ் நிய்யத்தைத்தான் பார்ப்பான், எண்ணம் நல்லதென்றால் பயப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார். நல்ல மனிதர். வீட்டுக்கு வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் கருகிய பாத்திகள் அப்படியேதான் கிடந்தன.

அடுத்த வருடக் கோடை தொடங்க முன்னரே ராத்தா வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளிடம் போனார். வளவை விற்கப் பார்த்தார், உப்புத் தண்ணீர்க் காணியை வாங்க ஆளில்லை. போகிற அன்று இரண்டு உரப்பையும் ஒரு சூட்கேசும்தான். சாமான் ஏற்றிய திரீவீலரில் அவர் ஏறி உட்கார்ந்தபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மாப்புக் கேட்டேன். அவர் மாப்புத் தந்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"ஊர விட்டு வாறப்ப எனக்கு இருவது வயசு. அப்ப எங்க போனாலும் புதுசாத் தொடங்கலாம் எண்டு இருந்திச்சு" என்றார். பிறகு திரீவீலர்க்காரரிடம், "போவம் தம்பி" என்றார்.

போன நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அவரைப் பார்க்கக் கரைத்தீவுக்குப் போனேன். மகளின் வீட்டுச் சுவரோடு ஒட்டி ஒரு சின்னப் பத்தி இறக்கி அதில் இருக்கிறார். மீனை உப்பிட்டுக் காயவைக்கிற கருவாட்டு வாடி ஒன்றில் வேலைக்குப் போகிறாராம். விரல்களெல்லாம் வெடித்திருந்தன. பாத்தி போட ஒரு சாண் நிலம் அங்கே இல்லை. என்னைக் கண்டதும் எழுந்து வந்து அணைத்துக்கொண்டார். உம்மாவைப் பற்றிக் கதைத்தோம். தம்பியைப் பற்றிக் கதைத்தோம். கிணற்றைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளிக்கிடும்போது, "இருங்க, வெயிலுக்குள்ள வந்தனீங்க" என்று சொல்லி, மூலையில் இருந்த பிளாஸ்டிக் கேனைச் சரித்து ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றித் தந்தார். கடையில் காசு கொடுத்து வாங்குகிற தண்ணீர். சரிக்கும்போது ஒரு சொட்டும் கீழே சிந்தாமல் கை வைத்துப் பிடித்திருந்தார்.

குடித்தேன். குடிக்காமல் வர முடியவில்லை.

எங்கள் வளவில் அந்தக் குழாய் இன்னும் இருக்கிறது, வாயை அடைத்துச் சீமெந்து பூசியிருக்கிறேன். எங்கள் கரையில் யாராவது குழாய்க்கிணறு இறக்கப் போவதாகக் கேள்விப்பட்டால் போய்ச் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். பலர், அன்று நான் மெஷின்காரரைப் பார்த்த மாதிரியே என்னைப் பார்க்கிறார்கள். நான் ஒரு மனுஷியின் கிணற்றைக் கெடுத்தவள். அதைத் திருத்துவதற்கு என் கையில் ஒன்றுமே இல்லை, மழையைப் பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர. அந்த மழையும் என் சீவிய காலத்துக்குள் போதுமான அளவு பெய்து முடியுமா என்பது எனக்குத் தெரியவில்லை.